நியூட்ரல்

மூன்று மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும்.
விடியற்காலை மூன்றைச் சொல்கிறேன்.
தம்பி ரெஃபூகியோ எழுந்ததே ஏழுக்கு.
அப்புறம் காபி, அப்புறம் டிரெய்லர் விளக்கு எரியவில்லை,
அப்புறம் கோவேறு கழுதை ஏறமாட்டேன் என்றது.
குளோப் ஊரை விட்டு நாங்கள் நகர்ந்தபோது
அரிசோனாவின் ஜூலை கடையை முழுசாகத் திறந்திருந்தது.

ஷோ லோவில் பைன் மரங்கள், ஒன்றுவிட்ட அண்ணன் நிலம்.
கோடை முடியும்வரை டோமினோ அங்கே மேயட்டும் என்று ஏற்பாடு.
இங்கே கொட்டகைக்குள் நூற்றுப் பதினான்கு டிகிரி;
தொட்டித் தண்ணீரில் தாடையை வைத்தபடி
தூங்கப் பழகிவிட்டது அது.

வண்டி பெரியது. எட்டு சிலிண்டர், ஏழு இருக்கை.
விளம்பரத்தில் மலையையே கட்டி இழுத்தது.
விளம்பர மலையில் வெயில் இல்லை.

சால்ட் ஆற்றுப் பாலம்வரை இறக்கம், கடன் வாங்குவதுபோல் சுலபம்.
பாலம் தாண்டியதும் வட்டி.

பாதி நேரம் நான் சாலையைப் பார்க்கவில்லை.
அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தேன்.
இருநூற்றுப் பத்து. முதல் வளைவு. இருநூற்று முப்பத்தெட்டு.
கியர் மேலே போகும், தாங்காது, கீழே வரும், மறுபடி போகும்,
கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று
வாசலில் நின்று கதவை ஆட்டும் விருந்தாளி மாதிரி.
ஒவ்வொரு தடுமாற்றமும் எண்ணெயில் சூடாய்ச் சேர்கிறது.
மூன்றில் பூட்டினேன். வேகத்தை முப்பதுக்கு இறக்கினேன்.
ஏசியை அணைத்தேன்.
"பைத்தியமா உனக்கு?" என்றான் தம்பி.

அவனிடம் சொல்லவில்லை:
ஆறு வருடம் முன்பு வேறொரு மேடு, வேறொரு வண்டி,
வேறொரு கணவன். "ஒன்றும் ஆகாது" என்று மிதித்தான்.
அளவுக்குச்சியில் அன்று வந்தது நினைவிருக்கிறது.
செம்பருத்திச் சிவப்பாய் இருக்க வேண்டிய எண்ணெய்
தீய்ந்த பாகின் நிறத்தில், அதே நாற்றத்தில்.
நாலாயிரத்து எண்ணூறு டாலர்.
கல்யாணம் அதற்குப் பிறகும் ஒரு மாதம் ஓடியது,
இரண்டாம் கியரில்.

இருநூற்று ஐம்பது. ஒதுங்கினேன்.
சாவியைத் திருப்ப வந்த கையைத் தட்டிவிட்டேன்.
அணைத்தால் சூடு இருந்த இடத்திலேயே குந்திவிடும்.
ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், நியூட்ரல்.
ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் சும்மா ஓடட்டும்.
எண்ணெய் முன்பக்கக் கூலருக்குப் போய்
கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வரட்டும்.
எங்கும் போகாமல் ஓடுவதும் வேலைதான்.

சாலையில் உருண்ட கற்களைப் பொறுக்கிக்கொண்டு
வர்னன் கோசே வந்தார், இந்தப் பள்ளத்தாக்கின் சாலைப் பணியாளர்.
"இன்றைக்கு நீங்கள் மூன்றாவது. முதல் இரண்டும் படகு.
கழுதை புதுசு."
ஆறு மணிக்கு இந்தச் சுவரில் நிழல் விழும், அதுவரை இருங்கள் என்றார்.
டோமினோவுக்கு இரண்டு வாளி, எங்களுக்கு ஒரு பாட்டில்.

ஆறுக்குப் புறப்பட்டோம். இரண்டு வளைவு பொறுத்தது எண்.
மூன்றாவதில் மறுபடி ஏற,
எனக்குச் சட்டென்று கணக்கு விளங்கியது.
பின்கதவைத் திறந்தேன். நானூறு கிலோ
தானாகவே இறங்கி வந்து தும்மியது.

காலி டிரெய்லருடன் தம்பி முன்னால் போனான்.
வர்னனின் மினுக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு
நானும் டோமினோவும் ஓரமாய் நடந்தோம்;
அவருடைய வண்டி பின்னால் மஞ்சள் விளக்கைச் சுழற்றி
எங்கள் நிழலைப் பாறையில் போட்டுப் போட்டு எடுத்தது.
கழுதை ஒரே வேகம். கழுத்தெல்லாம் வேர்வை.
மூச்சு முட்டினால் நின்றது, யாரையும் கேட்கவில்லை;
முடிந்ததும் நடந்தது.
அதற்கு எண் காட்டும் முள் எதுவும் கிடையாது.

உச்சியில் தம்பி பானட்டைத் திறந்துவைத்துக் கத்தினான்:
"நூற்றுத் தொண்ணூற்றாறு!"
ஏதோ தானே பெற்ற மதிப்பெண் போல.

பைன் வாசனை வர ஆரம்பித்திருந்தது.
பின்கதவைச் சாய்த்தோம்.
டோமினோ பலகையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது,
ஏறமாட்டேன் என்றது.